தெரியாத பாட்டுக்காகக் காத்திருப்பவர்கள்



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது இங்கிலாந்தில் பிறந்த ஒரு பாடகியைப் பற்றி. பாடகியைப் பற்றி என்று சொல்வதைவிட, அந்தப் பாடகிக்காகக் காத்திருக்கிற ரசிகர்களைப் பற்றி என்று சொல்வதே சரி. அவர் பெயர் கேட் புஷ். உங்களில் சிலர் அவரை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறவர்களாக இருக்கலாம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே, நீங்கள் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு தரப்பாருக்கும் சேர்த்தேதான் பேசப்போகிறேன்.

2024 அக்டோபரில் பிபிசி வானொலிக்கு அவர் ஒரு பேட்டி கொடுத்தார். புதிய ஆல்பம் செய்யும் ஆவல் வந்திருக்கிறது, மனத்தில் நிறைய யோசனைகள் இருக்கின்றன என்று சொன்னார். அவ்வளவுதான். தேதி சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை. எத்தனை பாட்டு, எந்த மாதிரிப் பாட்டு, எதுவும் சொல்லவில்லை. அவருடைய கடைசிப் புதிய ஆல்பம் வந்தது 2011 நவம்பரில். ஏறக்குறைய 13 ஆண்டுகள் கழித்து இந்த ஒரு வாய்ச்சொல். அந்த ஒரு சொல்லுக்கே உலகெங்கும் உள்ள அவருடைய ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

எதற்காகத் துள்ளினார்கள்? வரப்போவது என்னவென்றே தெரியாதே! பிடித்த நடிகரின் படம் வருகிறதென்றால் சண்டை இருக்கும், பாட்டு இருக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே ஒன்றும் தெரியாது. அடுத்து வருவது பியானோவா, பறவைக் குரலா, அரைமணி நேரப் பாட்டா, யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காகப் பத்து ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு என்று ஒரு கூட்டம் எப்படிக் காத்திருக்கிறது? இந்தப் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இதுதான் இன்றைய என் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காத்திருப்பு தானாக வந்ததில்லை. அந்த அம்மையார் இசைத்தட்டுக்கு இசைத்தட்டு தம் ரசிகர்களைப் பழக்கினார். கேட்டதைக் கொடுக்காமல், கேட்கத் தோன்றாததைக் கொடுத்தே பழக்கினார். ரசிகர்களும் பழகினார்கள். பழகியதன் பலனாக அவருக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. பேசாமல் இருக்கும் சுதந்திரம். எந்தக் கலைஞருக்கும் எளிதில் கிடைக்காத சுதந்திரம் அது.

கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

கேட் புஷ் 1958 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். தந்தை மருத்துவர். தாய் அயர்லாந்துக்காரர், செவிலியராக இருந்தவர். லண்டனின் ஓரத்தில் ஒரு பழைய பண்ணை வீடு. வீடு நிறையப் பாட்டு. பள்ளிக்கூட வயதிலேயே பியானோவில் உட்கார்ந்து பாட்டெழுதத் தொடங்கிவிட்டார். அந்தப் பாட்டுகள் ‘பிங்க் ஃப்ளாய்ட்’ குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் காதுக்கு எட்டின. அவர் கைகொடுத்தார். இஎம்ஐ நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

முதல் தட்டு தயாரானது. முதலில் வெளியிடுவது எந்தப் பாட்டை? நிறுவனம் கொஞ்சம் ராக் வாடை அடிக்கிற வேறொரு பாட்டைக் கைகாட்டியது. இந்தப் பெண் முடியாது என்றார். ‘வதரிங் ஹைட்ஸ்’தான் முதலில் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எமிலி பிராண்டியின் நாவலில் வரும் கேத்தி, செத்த பிறகு ஆவியாக வந்து காதலனின் ஜன்னலைத் தட்டுகிறாளே, அந்த ஆவியின் குரலில் பாடும் பாட்டு. கீச்சென்று உச்சத்தில் நிற்கும் குரல். பங்க் இசை இங்கிலாந்தை உலுக்கிக்கொண்டிருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டு நாவலின் ஆவியை யார் கேட்பார்கள்?

கேட்டார்கள். 1978 மார்ச்சில் அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. நான்கு வாரம் இறங்கவில்லை. தானே எழுதித் தானே பாடிய பாட்டோடு பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர்தான். அப்போது வயது 19. இதில் ஒரு விசேஷம் பாருங்கள், எமிலி பிராண்டி பிறந்ததும் ஜூலை 30தான்!

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். 19 வயதில் ஒரு பெண் பெரிய நிறுவனத்திடம் முடியாது என்று சொல்கிறார், சொன்னது பலிக்கிறது. அன்றைக்கு ரசிகர்களுக்கும் முதல் பாடம் கிடைத்துவிட்டது. விசித்திரமாக இருக்கிறதே என்று ஒதுக்காதே, கொஞ்சம் நின்று கேள். இதுதான் முதல் பாடம்.

அடுத்த ஆண்டே, 1979இல், நாடகம், நடனம், மாயாஜாலம் எல்லாம் கலந்த ஒரு மேடைப் பயணம். ஆடிக்கொண்டே பாடவேண்டும், கையில் ஒலிவாங்கி இருந்தால் ஆடமுடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? துணி மாட்டும் கம்பியை வளைத்து, அதில் சின்ன ஒலிவாங்கியைப் பொருத்தி, தலையில் மாட்டிக்கொண்டார். இன்றைக்கு ஊர் ஊராக மேடையில் பார்க்கிற தலைமாட்டி மைக்கின் ஆரம்ப கால வடிவங்களில் அது ஒன்று. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் மேடையை விட்டு விலகினார். எத்தனை ஆண்டு விலகினார் என்பதைப் பிறகு சொல்கிறேன், நம்பமாட்டீர்கள்.

மேடையை விட்டவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுந்தார். அப்போதுதான் ஃபேர்லைட் என்ற இயந்திரம் வந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் செய்தது. எந்த ஒலியையும் பதிந்து, விசைப்பலகையில் சுருதி சுருதியாக வாசிக்கலாம். 1980இல் வந்த ‘பபூஷ்கா’ பாட்டின் கடைசியில் கண்ணாடி நொறுங்கும் ஒலி கேட்கும். உண்மையாகவே கண்ணாடியை உடைத்து, பதிந்து, அதை வாசித்தார்கள். கணவனைச் சோதிக்க மனைவி வேறு பெயரில் கடிதம் எழுதும் கதை அது. இல்லறம் உடைவதைச் சொல்ல உடைகிற கண்ணாடியே வாத்தியமானது.

சரி, இதுவரை எல்லாம் வெற்றி. வெற்றியில் ரசிகர் கூடுவது அதிசயமில்லை. சோதனை வந்தது 1982இல்.

அந்த ஆண்டு ‘த ட்ரீமிங்’ வந்தது. முழுக்க முழுக்க அவரே தயாரித்த முதல் ஆல்பம். ஒரு பாட்டில் வியட்நாம் போர்க்காட்டில் மறைந்திருக்கும் வீரன். இன்னொன்றில் மாயவித்தைக்காரர் ஹூடினியின் மனைவி. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜரிடூ ஒருபுறம் முழங்குகிறது. கடைசிப் பாட்டில் கழுதை கத்துகிறது. ஆமாம், மனிதக் குரலே கழுதையாகக் கத்துகிறது! ஆல்பம் மூன்றாம் இடம்வரை வந்தது என்றாலும், தலைப்புப் பாட்டு தனித்தட்டாக 48ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடத்தில் நான்கு வாரம் இருந்தவருக்கு 48ஆம் இடம். நிறுவனம் முகம் சுளித்தது. இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டார்கள்.

ஆனால் அதே 1982இல் வேறொன்றும் நடந்தது. ரசிகர்கள் சிலர் சேர்ந்து ‘ஹோம்கிரவுண்ட்’ என்ற பெயரில் ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார்கள். கழுதை கத்துகிற தட்டு வந்த ஆண்டில் ரசிகர் பத்திரிகை பிறக்கிறது! ஊரெல்லாம் ரசிக்கிற பாட்டுக்குப் பத்திரிகை எதற்கு? புரியாத பாட்டுக்குத்தான் பேச ஆள் வேண்டும். புரியாததைக் கூடி உட்கார்ந்து கேட்கிற ஒரு கூட்டம் அன்று உருவானது. பின்னால் வந்த நீண்ட மௌனத்தைத் தாங்கியது அந்தக் கூட்டம்தான்.

கேட் புஷ் என்ன செய்தார்? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பழைய பாணிக்குத் திரும்பினாரா? இல்லை. வாடகைக் கூடத்தில் உட்கார்ந்தால் கடிகாரம் ஓட ஓடக் காசும் ஓடுகிறது. சோதனை செய்கிறவருக்கு இது கட்டுப்படியாகுமா? அதனால் தம் குடும்பத்தின் பண்ணை வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டார். இனிமேல் அவசரப்படுத்த ஆளில்லை. ஓர் ஒலிக்கு ஒரு வாரம் என்றாலும் கேட்பாரில்லை.

அந்தக் கொட்டகையிலிருந்து 1985இல் வெளிவந்தது ‘ஹௌண்ட்ஸ் ஆஃப் லவ்’. மடோனாவின் தட்டை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு ஏறியது. அதன் அமைப்பைப் பாருங்கள். முதல் பக்கத்தில் தனித்தனிப் பாட்டுகள், எல்லோரும் முணுமுணுக்கக்கூடியவை. திருப்பிப் போட்டால் ‘த நைன்த் வேவ்’ என்ற ஒரே தொடர். இரவில் நடுக்கடலில் தனியாக மிதக்கிற ஒரு பெண். தூக்கம் இழுக்கிறது, தூங்கினால் மூழ்கிவிடுவாள். கனவும் நினைவும் மாறி மாறி வருகின்றன, பொழுது விடிகிறது. ஒரு பக்கத்தால் கேட்பவரை உள்ளே அழைத்து, மறுபக்கத்தால் ஆழத்துக்குக் கொண்டுபோனார். பழக்கினார் என்று சொன்னேனே, இதைத்தான் சொன்னேன்.

1989இல் ஒரு தட்டு, 1993இல் ஒரு தட்டு. அதன்பிறகு?

அதன்பிறகு ஒன்றும் இல்லை. 1994இல் இல்லை. 1998இல் இல்லை. நூற்றாண்டே மாறியது, அப்போதும் இல்லை. 2005வரை, 12 ஆண்டுகள், ஒரு புதிய ஆல்பம்கூட இல்லை.

12 ஆண்டு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவர் போனபோது மக்கள் கேசட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பியபோது பாட்டைக் கணினியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இடையில் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? கோட்டைக்குள் அடைந்து கிடக்கிறார் என்றார்கள், மனம் உடைந்துபோனார் என்றார்கள். டிக்கன்ஸ் நாவலில் கல்யாண உடையை மாற்றாமல் உட்கார்ந்திருக்கும் கிழவி மிஸ் ஹாவிஷமோடு ஒப்பிட்டார்கள்.

உண்மை என்ன? 1992இல் தாயை இழந்தார். நெருங்கிய இசைத்தோழரை அதற்கு முன்பே இழந்திருந்தார். 1998இல் மகன் பிறந்தான். பிறந்த சேதி வெளியுலகுக்குத் தெரியவே ஈராண்டு ஆனது. மகனை வளர்த்தார், துணி துவைத்தார், சமைத்தார், கூடவே பாட்டும் செய்தார். அவ்வளவுதான் மர்மம்! நிறுவனத்தின் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க, அடுப்பிலிருந்து கேக்கை எடுத்துவைத்து இதைத்தான் என்றாராம். இப்படி ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த கதை.

இந்தக் காத்திருப்பு ஒரு நாவலுக்கே கருவானது. ஜான் மெண்டல்சன் என்ற எழுத்தாளர் 2004இல் வெளியிட்ட நாவலின் பெயர் ‘வெயிட்டிங் ஃபார் கேட் புஷ்’. கலைஞரைப் பற்றி நாவல் வருவது உண்டு. கலைஞருக்காகக் காத்திருப்பதைப் பற்றி நாவல் வந்ததை நான் வேறெங்கும் அறியேன்.

2005 நவம்பரில் ‘ஏரியல்’ வந்தது. இரட்டைத் தட்டு. 12 ஆண்டு காத்திருந்தவர்கள் ஆவலோடு போட்டுக் கேட்டார்கள். என்ன கிடைத்தது?

ஒரு பாட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள்! வெறும் பியானோ, வெறும் குரல். வீட்டுக்குள் யாரோ சேற்றுக்காலோடு நடந்துவிட்டார்கள். ஒரு பெண் தரையைத் துடைக்கிறாள், அழுக்குத் துணியை இயந்திரத்தில் போடுகிறாள், கண்ணாடி மூடிக்குள் அது சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவளுடைய சட்டையும் அவனுடைய கால்சட்டையும் தண்ணீரில் பின்னிக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் அவள் மனத்தில் கடலாகிவிடுகிறது. துவைக்கிற இயந்திரத்துக்குள்ளிருந்து ஆசையையும் பிரிவையும் எடுத்துக் காட்டிவிடுகிறார். மகனின் துணியைத் துவைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்பது கேட்டவுடன் தெரிகிறது.

இன்னொரு பாட்டு ‘பை’. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, பள்ளிக்கூடத்தில் படித்தோமே, 3.14159 என்று முடிவில்லாமல் போகும் எண், அதேதான். எண்களின்மேல் பித்துக்கொண்ட ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு. இலக்கம் இலக்கமாகப் பாடுகிறார். ஒரு ‘சைபரை’ தாலாட்டுப்போலப் பாடமுடியுமா? முடியும் என்று காட்டினார். ரசிகர்கள் சும்மா விடுவார்களா, புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். 78ஆம் தசம இலக்கம்வரை சரி. அதற்குமேல் 22 இலக்கங்களைக் காணவில்லை, 101இலிருந்து மறுபடி தொடர்கிறது! ஏன் விட்டார் என்று பேசித் தீர்த்தார்கள். வேறு எந்தப் பாடகருக்கு இப்படிக் கேட்கிற ரசிகர்கள் வாய்ப்பார்கள்?

இரண்டாம் தட்டு முழுவதும் ஒரே ஓட்டம். பிற்பகலில் தொடங்கி, அந்தி சாய்ந்து, இரவு போய், விடிகாலையில் முடியும் 42 நிமிடம். உள்ளே பறவைகள் பாடிக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் பறவையோடு சேர்ந்து அவரும் சிரிக்கிறார், சிரிப்பே பாட்டாகிறது. அந்த ஆல்பத்தின் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பொன்னிறக் கடல், அதில் மலைத்தொடர், தண்ணீரில் மலையின் நிழல். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது மலையே இல்லை. ஐரோப்பியத் தோட்டங்களில் பாடும் ‘பிளாக்பேர்ட்’ என்ற கருங்குருவியின் பாட்டைப் பதிந்து, அந்த ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை அப்படியே வரைந்திருக்கிறார்கள். மலை என்று நினைத்தது குருவியின் குரல்!

இதை யாராவது கேட்டிருப்பார்களா? எனக்குத் துணி துவைக்கிற பாட்டு வேண்டும் என்று எந்த ரசிகராவது எழுதியிருப்பாரா? 22 இலக்கம் குறைந்த கணக்குப் பாட்டு வேண்டும் என்று எவர் கேட்டிருப்பார்? ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டுப் பெறுகிற வகையறா இல்லை இது.

நம் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாகவதர் பாடிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையிலிருந்து துண்டுச்சீட்டு போகும். இன்ன பாட்டைப் பாடுங்கள் என்று. அதில் தவறு ஒன்றும் இல்லை, அது அன்பின் அடையாளம்தான். ஆனால் சீட்டில் எழுத நமக்குத் தெரிந்த பாட்டின் பெயர்தானே தெரியும்? இன்னும் பிறக்காத பாட்டின் பெயரை யார் எழுதமுடியும்?

சீட்டு அனுப்பாத ரசிகர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை 2014இல் உலகம் பார்த்தது.

அந்த ஆண்டு கேட் புஷ் மறுபடி மேடை ஏறினார். 1979இல் விட்ட மேடை. 35 ஆண்டுகள்! லண்டன் ஹேமர்ஸ்மித் அரங்கில் 22 இரவுகள். நுழைவுச்சீட்டுகள் 15 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. ரசிகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். கைப்பேசியை எடுக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள், உங்கள் முகத்தை நான் பார்க்கவேண்டும், கருவியை அல்ல என்ற கருத்தில் கேட்டுக்கொண்டார். அவர்களும் உள்ளே வைத்துவிட்டார்கள்.

வயதான பாடகர் பல ஆண்டு கழித்து மேடை ஏறினால் வழக்கமாக என்ன பாடுவார்? பழைய வெற்றிப் பாட்டுகளை வரிசையாகப் பாடுவார். இவர் என்ன பாடினார்? நடுக்கடலில் மிதக்கும் பெண்ணின் தொடரை முழுசாக மேடையில் நிகழ்த்தினார். பறவைகளின் பகலிரவுத் தொடரை முழுசாக நிகழ்த்தினார். முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து ஒரே ஒரு பாட்டைக்கூடப் பாடவில்லை. அப்படியென்றால் ‘வதரிங் ஹைட்ஸ்’? பாடவில்லை. ஊரறிந்த, உலகறிந்த அந்தப் பாட்டை 22 இரவில் ஓரிரவுகூடப் பாடவில்லை! அரங்கில் கலகம் நடந்ததா? இல்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த நாள்களில் அவருடைய எட்டு ஆல்பங்கள் ஒரே நேரத்தில் பிரிட்டிஷ் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் இருந்தன. எந்தப் பெண் கலைஞருக்கும் அதுவரை அமையாத பெருமை அது.

இதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2011இல், அவர் இரண்டு ஆல்பங்கள் கொடுத்திருந்தார். முதலாவதில், தம் பழைய பாட்டுகளையே எடுத்து மறுபடி பாடிச் செப்பம் செய்தார். ரசிகர்களில் ஒருசாரார் முணுமுணுத்தார்கள். பழையது போதுமே, இது எதற்கு என்றார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். காத்திருந்து பெறுவதெல்லாம் அமிர்தம் என்று நான் சொல்லவரவில்லை.

இரண்டாவது, பனியைப் பற்றியது, ‘ஃபிஃப்டி வேர்ட்ஸ் ஃபார் ஸ்நோ’. ஏழே ஏழு பாட்டு, 65 நிமிடம். ஒரு பாட்டில் பெண்ணொருத்தி பனிமனிதனை விரும்புகிறாள், விடிந்தால் படுக்கை நனைந்திருக்கிறது. இன்னொன்று இமயமலை யெட்டியைப் பற்றி. தலைப்புப் பாட்டில் நடிகர் ஸ்டீபன் ஃப்ரை பனிக்கு 50 பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார், பெரும்பாலும் கற்பனையாக உண்டாக்கிய பெயர்கள். பக்கத்தில் கேட் புஷ் எண்ணிக்கொண்டே, இன்னும் இத்தனை பாக்கி என்று விரட்டுகிறார். அந்தப் பனிக்குப் பிறகுதான் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் மௌனம்.

இந்த மௌனத்தின் நடுவே 2022இல் ஒரு வேடிக்கை நடந்தது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காம் பருவத்தில் 1985ஆம் ஆண்டின் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ ஒலித்தது. மேக்ஸ் என்ற சிறுமியை அசுரனிடமிருந்து மீட்கிற பாட்டாக. பாட்டு 1985இல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வந்தது. 37 ஆண்டுகள் கழித்து முதலிடம் வந்தது! அமெரிக்காவில் 1985இல் 30ஆம் இடம், 2022இல் மூன்றாம் இடம். அவருடைய முதல் முதலிடத்துக்கும் இரண்டாம் முதலிடத்துக்கும் நடுவே 44 ஆண்டு. 19 வயதில் ஒன்று, 63 வயதில் ஒன்று.

பின்வரிசை இளைஞர்களே, அன்று உங்கள் வயதுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அவரைக் கண்டுபிடித்தார்கள். வேறொருவராக இருந்தால் அந்தச் சூட்டோடு சூடாக நான்கு பாட்டு இறக்கியிருப்பார். ஊர் ஊராகக் கச்சேரி போட்டிருப்பார். இவர் நன்றி சொல்லிக் குறிப்பு எழுதினார், ஒரு வானொலிப் பேட்டி கொடுத்தார், தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது உலக வழக்கு. காற்று அடிக்கட்டும், நெல் விளையட்டும் என்பது இவர் வழக்கு.

இவர் ஒருவர்தானா இப்படி? இல்லை. டேவிட் போவி 2003க்குப் பிறகு பத்து ஆண்டு புது ஆல்பம் தரவில்லை. முடிந்தது கதை என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தபோது, 2013 ஜனவரி 8 அன்று, தம் 66ஆம் பிறந்தநாளில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பாட்டை வெளியிட்டார். மூன்று ஆண்டு கழித்து, அதே பிறந்தநாளில், நியூயார்க்கின் ஜாஸ் கலைஞர்களோடு செய்த ‘பிளாக்ஸ்டார்’. அது வந்த இரண்டாம் நாள் காலமானார். ஸ்காட் வாக்கர் 1960களில் இளம்பெண்கள் கூச்சலிட்டுக் கொண்டாடிய பாடகர். பின்னாளில் 11 ஆண்டு இடைவெளியில் ஒரு தட்டு, மறுபடி 11 ஆண்டு இடைவெளியில் ஒரு தட்டு. 2006இல் வந்த தட்டுக்காக, பன்றி இறைச்சித் துண்டைக் குத்தச் சொல்லி அந்த ஒலியைத் தாளமாகப் பதிந்தார்! அதையும் காத்திருந்து கேட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். எழவேண்டும். ஐயா, வசதி இருப்பவர் 12 ஆண்டு சும்மா இருக்கலாம், பானையில் அரிசி இல்லாத கலைஞர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி. கேட் புஷ்ஷால் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம் வெறும் மனவுறுதி இல்லை. பாட்டை எழுதியவர் அவரே, அதனால் உரிமைத்தொகை அவருக்கு வருகிறது. தயாரிப்பவரும் அவரே. கூடம் சொந்தக் கூடம். 2011இல் ‘ஃபிஷ் பீப்பிள்’ என்று சொந்த வெளியீட்டு நிறுவனமும் தொடங்கிவிட்டார். 19 வயதில் முடியாது என்றார், 24 வயதில் சொந்தமாகத் தயாரித்தார், அடுத்து கூடம் கட்டினார். ஒவ்வொரு செங்கல்லாக வைத்துக் கட்டியது அந்த மௌனம். ரசிகர்கள் தட்டை விலைகொடுத்து வாங்கியதும் அதில் ஒரு செங்கல்தான்.

இன்றைக்கு நிலைமை என்ன? மாதம் ஒரு பாட்டு இறக்காவிட்டால் செயலியே பாடகரை மறந்துவிடுகிறது. முதல் சில நொடியில் காதைப் பிடிக்காவிட்டால் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது. அந்த விரல் யாருடையது? நிறுவனத்தின் விரலா? நம் விரல்தானே! கலைஞர்கள் சோதனை செய்யப் பயப்படுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். பயமுறுத்துவது யார்? முதலில் பிடித்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிற நாம்தான்.

காத்திருக்கிற ரசிகர்கள் கைகட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். ஜூலை மாதங்களில் உலகின் பல நகரங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். மெல்போர்னில், பெர்லினில், இங்கிலாந்தின் ஊர்களில். பூங்காவில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடுவார்கள். எல்லோருக்கும் நீளமான சிவப்பு உடை. ஆண், பெண், தாத்தா, பேத்தி, தாடி வைத்தவர், எல்லோரும் சிவப்புக் கவுன். ‘வதரிங் ஹைட்ஸ்’ காணொளியில் கேட் புஷ் புல்வெளியில் ஆடிய அதே ஆட்டத்தை, கையை வீசி, கண்ணை விரித்து, ஒன்றாக ஆடுவார்கள். 2013இல் பிரைட்டனில் ஒரு சிறு குழு தொடங்கியது, ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஆடத் தெரிந்தவர் குறைவு. அடி தப்பும், கவுன் தடுக்கும், சிரிப்பார்கள், மறுபடி ஆடுவார்கள்.

இதில் அழகு என்ன தெரியுமா? அந்தப் பாட்டை அவர் மேடையில் பாடவில்லை என்று சொன்னேனே. அவர் பாடாததை இவர்கள் ஆடிக்கொள்கிறார்கள். பழையது வேண்டுமா, அதை நாங்களே வைத்துக்கொண்டாடுகிறோம், நீங்கள் புதியதைச் செய்யுங்கள் என்று வேலையைப் பங்குபோட்டுக்கொண்டதுபோல் இருக்கிறது. இதைவிட நல்ல ஒப்பந்தம் கலைஞருக்கும் ரசிகருக்கும் நடுவில் இருக்கமுடியுமா?

ஆகவே நண்பர்களே, அந்த ஆல்பம் வருமா? வரலாம். எப்போது வரும்? அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. வந்தால் நன்றாக இருக்குமா? பிடிக்காமலும் போகலாம். முதல் தடவை கேட்டு முகம் சுளிக்கிற உரிமை நமக்கு உண்டு. நான் கேட்டுக்கொள்வதெல்லாம், இரண்டாவது தடவையும் கேளுங்கள் என்பதுதான். ‘த ட்ரீமிங்’ வந்தபோது கழுதைச் சத்தத்தைக் கேட்டுத் தட்டை மூடிவைத்தவர்களும் இருந்தார்கள், கூடி உட்கார்ந்து பத்திரிகை போட்டவர்களும் இருந்தார்கள். முதல் கூட்டம் மட்டும் இருந்திருந்தால் கொட்டகைக் கூடத்தில் பிறந்ததற்கும், குருவிக் குரலுக்கும், பனிமனிதனுக்கும் கேட்க ஆள் இருந்திருக்காது.

இது கேட் புஷ்ஷுக்கு மட்டும் உரிய மரியாதை இல்லை. உங்களுக்குப் பிடித்த எந்தக் கலைஞராக இருந்தாலும் சரி, அவர் பாதை மாறுகிற நாளில் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பழைய பாட்டை அளவுகோலாக வைத்துப் புதுப்பாட்டை அளக்காதீர்கள். அவர் பேசாமல் இருந்தால், ஆள் தீர்ந்துவிட்டார் என்று சொல்லாதீர்கள். பாடுவது கலைஞர் வேலை. பாடுவதற்கு இடம்விட்டு நிற்பது ரசிகர் வேலை. இரண்டாவது வேலையைச் செய்ய ஆள் இருக்கிற ஊரில்தான் முதல் வேலை துணிந்து நடக்கும்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு, காத்திருப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லித்தரவேண்டிய அவசியமே இல்லை.